தங்கைக்கு சீதபேதி என்றார்கள்... அது புற்றுநோய்! முத்துலட்சுமி ரெட்டியின் கதையும் ரத்தத்தில் தேடப்படும் தடயமும்

மதுரை மாவட்டத்தில் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும், கர்ப்பிணிகள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சில் ஒரு பெயர் அடிபடும். முத்துலட்சுமி ரெட்டி திட்டம். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என்று எந்த ஊராக இருந்தாலும் பேச்சு ஒன்றுதான். பதிவு பண்ணியாச்சா, பணம் வந்துருச்சா? 18,000 ரூபாய் மதிப்பிலான மகப்பேறு நிதியுதவித் திட்டம் அது.

சரி, யார் அந்த முத்துலட்சுமி ரெட்டி? இந்தியாவின் முதல் பெண் டாக்டர் என்று சிலர் சொல்வார்கள். அது சரியில்லை. அவர் பிறந்த 1886-லேயே ஆனந்திபாய் ஜோஷியும் காதம்பினி கங்குலியும் டாக்டர்களாகிவிட்டார்கள். முத்துலட்சுமிக்கு உரிய பெருமைகள் வேறு. பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்றத்துக்குள் நுழைந்த முதல் பெண் அவர். தேவதாசி முறைக்கு முடிவுகட்டப் போராடியவர். அவர் பிறந்த ஜூலை 30-ஐத் தமிழ்நாடு மருத்துவமனை தினமாகக் கொண்டாடுகிறது.

இதெல்லாம் பாடப் புத்தகத்திலேயே இருக்கு. அதிகம் பேசப்படாதது அவருடைய தங்கையின் மரணம். சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை அந்த மரணத்தில் இருந்து பிறந்ததுதான். இந்த நோயைக் கொஞ்சம் முன்னாடியே கண்டுபிடித்திருக்க முடியாதா என்ற அந்த வீட்டுக் கேள்விக்கு, 100 வருஷம் கழித்தும் விஞ்ஞானிகள் விடை தேடிக்கொண்டிருக்கிறார்கள். இப்போது தேடும் இடம், நம்ம ரத்தம்.

புதுக்கோட்டையில் இருந்து சென்னைக்கு

மதுரையில் இருந்து சுமார் 100 கிலோமீட்டரில் இருக்கிறது புதுக்கோட்டை. அன்றைக்கு அது தொண்டைமான் மன்னர்களின் தனி சமஸ்தானம். அப்பா நாராயணசாமி ஐயர், அங்கிருந்த மகாராஜா கல்லூரியின் முதல்வர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். சாதி விட்டு நடந்த அந்தத் திருமணத்தால் உறவுகள் விலகிப்போன வீடு அது. நடிகர் ஜெமினி கணேசனுக்கு முத்துலட்சுமி அத்தை முறை.

வயதுக்கு வந்ததும் பெண் பிள்ளைகளைப் பள்ளியில் இருந்து நிறுத்திவிடும் காலம். முத்துலட்சுமிக்கும் அதுதான் நடந்தது. ஆனால் படிப்பு நிற்கவில்லை. வீட்டிலேயே பாடம் நடந்தது, மெட்ரிகுலேஷன் தேர்விலும் தேறினார்.

அடுத்து கல்லூரி. மகாராஜா கல்லூரியில் படிப்பவர்கள் எல்லாரும் பையன்கள். ஒரு பெண்ணைச் சேர்ப்பதா என்று எதிர்ப்பு கிளம்பியது. அதுவும் தேவதாசி மரபில் வந்த அம்மாவின் மகள் என்பதால் முணுமுணுப்பு இன்னும் பலமாக இருந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. சேர்க்கச் சொன்னதோடு உதவித்தொகையும் கொடுத்தார்.

1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரி. 1912-ல் பதக்கங்களோடு டாக்டராக வெளியே வந்தார். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் பெண் ஹவுஸ் சர்ஜனாக வேலைக்குச் சேர்ந்தார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியுடன் திருமணம். அதற்கு முன்பே முத்துலட்சுமி ஒரு நிபந்தனை வைத்தார். தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக் கூடாது. சுந்தர ரெட்டி ஒத்துக்கொண்ட பிறகுதான் கல்யாணம்.

தங்கைக்கு என்ன ஆச்சு?

1920-களின் தொடக்கம். முத்துலட்சுமி டாக்டராகிப் பத்து வருஷம் ஆகியிருந்தது. கணவரும் டாக்டர். அந்தக் குடும்பத்தில்தான் தங்கைக்கு வயிற்றுக் கோளாறு வந்தது. பார்த்தவர்கள் சீதபேதி என்று முடிவு செய்து, அதற்கே மருந்தும் கொடுத்தார்கள். குணமாகவில்லை.

உண்மையில் அது மலக்குடல் புற்றுநோய். தெரியவந்தபோது நோய் கைமீறிப் போயிருந்தது. இளம் வயதிலேயே தங்கை இறந்துபோனார். அவர் பட்ட வேதனையைப் பக்கத்தில் இருந்து பார்த்த முத்துலட்சுமியால் அதைக் கடைசிவரை மறக்க முடியவில்லை.

டாக்டர் வீட்டிலேயே எப்படித் தவறிப்போனது? யாரோ ஒருவரின் அலட்சியம் என்று இதைச் சுருக்கிவிட முடியாது. சீதபேதியிலும் ரத்தமும் சளியும் கலந்து மலம் போகும். மலக்குடல் புற்றுநோயிலும் போகலாம். இரண்டிலும் அடிக்கடி போக வேண்டும் போல இருக்கும், வயிறு வலிக்கும். அன்றைய சென்னையில் சீதபேதி தெருவுக்குத் தெரு இருந்தது. இளம் பெண்ணுக்குப் புற்றுநோய் என்பது யார் மனதிலும் தோன்றாத விஷயம். குடலுக்குள் விட்டுப் பார்க்கும் இன்றைய கொலனோஸ்கோபியும் கிடையாது.

அதாவது அறிகுறி இருந்தது. அதைப் படித்த விதம்தான் தப்பாகிவிட்டது. அடுத்து வரப்போகும் ரத்தப் பரிசோதனை விஷயத்துக்கும் இதுதான் அடிப்படை.

அழற்சின்னா என்ன?

கையில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து, வீங்கி, சூடாகி, வலிக்கும். இதுதான் அழற்சி. உடம்பின் காவல்படை சண்டைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். வெள்ளை அணுக்கள் அந்த இடத்துக்கு ஓடும், ரசாயன சமிக்ஞைகள் பறக்கும். கிருமி செத்ததும் எல்லாம் அடங்கிவிடும்.

அடங்காமல் வருஷக்கணக்கில் நீடித்தால்தான் சிக்கல். சண்டை ஓயாத இடத்தில் செல்கள் திரும்பத் திரும்ப சேதமாகி, திரும்பத் திரும்பப் புதுசாகப் பிரியும். ஒவ்வொரு முறை பிரியும்போதும் மரபணுவில் பிழை விழ வாய்ப்பு உண்டு. பிழைகள் சேரச் சேர, ஒரு செல் கட்டுப்பாட்டை இழந்து புற்றுநோய்ச் செல்லாக மாறலாம்.

புற்றுக்கட்டிக்குள் வெள்ளை அணுக்கள் இருப்பதை வைத்து, அழற்சிக்கும் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ 1863-லேயே ஊகித்தார். ஆனால் உடம்புக்குள் அழற்சி இருக்கிறதா என்று வெளியில் இருந்து அளக்க அன்றைக்கு வழியில்லை.

அந்த வழி மெதுவாகத்தான் வந்தது. இன்று லேப் ரிப்போர்ட்டில் இஎஸ்ஆர் என்று பார்க்கிறோமே, ரத்தச் சிவப்பணு படியும் வேகம், அது 1918-க்குப் பிறகுதான் மருத்துவத்தில் புழங்க ஆரம்பித்தது. சிஆர்பி எனப்படும் சி-ரியாக்டிவ் புரோட்டீனை நியூயார்க் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் கண்டுபிடித்தது 1930-ல். முத்துலட்சுமியின் தங்கை அதற்குச் சில வருஷங்கள் முன்பே இறந்துவிட்டார்.

சட்டமன்றமும் தேவதாசி ஒழிப்பும்

1925-ல் பெண்கள், குழந்தைகள் மருத்துவத்தில் மேற்படிப்புக்காக முத்துலட்சுமி லண்டன் போனார். திரும்பி வந்ததும் பொதுவாழ்க்கை அவரை இழுத்துக்கொண்டது. சென்னை சட்டமன்ற மேலவைக்கு நியமிக்கப்பட்டார். உறுப்பினர்கள் ஒருமனதாக அவரைத் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுத்தார்கள்.

மதுரை, தஞ்சை என்று பெரிய கோயில்கள் இருந்த ஊர்களில் எல்லாம் இருந்தது பொட்டுக்கட்டும் வழக்கம். சிறுமிகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிடுவார்கள். பரம்பரையாக வரும் மானிய நிலத்தை அனுபவிக்க வேண்டுமென்றால், அடுத்த தலைமுறைப் பெண்ணும் பொட்டுக்கட்டியாக வேண்டும். 1929-ல் வந்த சட்டத் திருத்தம் அந்த நிலத்தைப் பெண்களுக்கே உரிமையாக்கி, கோயில் சேவைக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. அதன் பின்னால் இருந்தவர் முத்துலட்சுமி.

எதிர்ப்பு இரண்டு பக்கமும் இருந்தது. மரபு கெடும் என்றவர்கள் ஒரு பக்கம். கலையும் சொத்தும் பறிபோகும் என்று அஞ்சிய தேவதாசிப் பெண்கள் இன்னொரு பக்கம். தன் அம்மா வந்த மரபு அது என்பதால் முத்துலட்சுமிக்கு இது ஏட்டுப் பிரச்சினை இல்லை. பொட்டுக்கட்டுவதை முழுசாகத் தடுக்கும் சட்டம் 1947-ல்தான் வந்தது.

அதற்குள் அவர் பதவியை விட்டே விலகியிருந்தார். 1930-ல் உப்பு சத்தியாகிரகத்தின்போது காந்தி கைதானதைக் கண்டித்து ராஜினாமா. போக இடமில்லாமல் வீட்டு வாசலுக்கு வந்த பெண் பிள்ளைகளுக்காக அவ்வை இல்லத்தைத் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான்.

ஆனால் தங்கையை மறக்கவில்லை. 1935-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் நூற்றாண்டு விழா. மேடை ஏறிய முத்துலட்சுமி, புற்றுநோய்க்கென்றே தனி மருத்துவமனை வேண்டும் என்று அறிவித்தார்.

12 படுக்கையில் தொடங்கிய அடையாறு

அறிவித்த கனவுக்கு உயிர் வர 19 வருஷம் ஆனது. பணத்துக்கும் அனுமதிக்கும் ஏறி இறங்கிய இடங்களில் அவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் அவநம்பிக்கைதான். புற்றுநோய் வந்தால் எப்படியும் சாகத்தான் போகிறார்கள், அதற்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி என்பதே அன்று அதிகாரத்தில் இருந்தவர்களின் எண்ணமாக இருந்தது. சீக்கிரம் கண்டுபிடித்தால் சாக வேண்டியதில்லை என்பது முத்துலட்சுமியின் பக்கம்.

1949-ல் இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கினார். அப்போது அவருக்கு 63 வயது. 1952 அக்டோபரில் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ல் மருத்துவமனை திறந்தது. மொத்தம் 12 படுக்கை. மும்பை டாடா நினைவு மருத்துவமனைக்குப் பிறகு, புற்றுநோய்க்கென்று நாட்டில் வந்த இரண்டாவது பெரிய முயற்சி இது.

மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி வெளிநாட்டில் புற்றுநோய்ச் சிகிச்சையில் பயிற்சி பெற்று வந்து பொறுப்பேற்றார். 1955-ல் டாக்டர் வி.சாந்தா சேர்ந்தார். அரசு வேலையை விட்டுவிட்டு, 200 ரூபாய் சம்பளத்துக்கு வந்தவர், 2021 ஜனவரியில் இறக்கும்வரை அந்த வளாகத்தை விட்டுப் போகவே இல்லை. 1957-ல் கோபால்ட்-60 கதிர்வீச்சுக் கருவி வந்தது. காசில்லை என்பதற்காக யாருக்கும் சிகிச்சையை மறுக்கக் கூடாது என்பது அங்கே ஆரம்பத்தில் இருந்தே கொள்கை.

தென்மாவட்டங்களில் அடையாறு என்ற சொல்லே ஒரு காலத்தில் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத்தான் குறித்தது. அந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு மதுரை ஜங்ஷனில் ராத்திரி ரயில் ஏறிய குடும்பங்கள் ஏராளம். இன்று மதுரையிலேயே, அரசு ராஜாஜி மருத்துவமனையின் மண்டல புற்றுநோய் மையம் பாலரெங்காபுரத்தில் இயங்குகிறது.

இதுக்கும் கணையத்துக்கும் என்ன சம்பந்தம்?

முத்துலட்சுமியின் தங்கைக்கு வந்த மலக்குடல் புற்றுநோயை இன்று ஆரம்பத்திலேயே பிடித்துவிட முடியும். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்க்கலாம், கொலனோஸ்கோபி செய்யலாம். கர்ப்பப்பை வாய், மார்பகம், வாய்ப் புற்றுநோய்களுக்கும் முன்கூட்டியே பார்க்கும் வழிகள் இருக்கின்றன.

இந்த வசதி எதுவும் எட்டாத உறுப்பு ஒன்று உண்டு. கணையம். இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி ஒளிந்திருக்கும் சுமார் 15 சென்டிமீட்டர் உறுப்பு. சாப்பாடு செரிக்கத் தேவையான நொதிகளையும், சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலினையும் சுரப்பது இதுதான்.

இதில் புற்றுநோய் வந்தால் வெளியில் கட்டி தெரியாது, கையால் தொட்டும் உணர முடியாது. ஆரம்பத்தில் வலியும் பெரிதாக இருக்காது. வயிறு உப்புசம், பசியின்மை, மேல்வயிற்றில் ஏதோ பாரம். நம்ம ஊரில் இதற்கு கேஸ் டிரபிள் என்று பெயர் வைத்து, மெடிக்கல் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மாதங்களைக் கடத்திவிடுவோம். அன்றைக்கு சீதபேதி, இன்றைக்கு கேஸ் டிரபிள். கதை அதேதான்.

2022-ல் உலக அளவில் சுமார் 5.1 லட்சம் பேருக்குக் கணையப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் இறந்தவர்கள் சுமார் 4.67 லட்சம். இரண்டு எண்ணும் இவ்வளவு நெருக்கமாக இருப்பதே நோய் எவ்வளவு தாமதமாகப் பிடிபடுகிறது என்பதைச் சொல்லிவிடும். அமெரிக்காவிலேயே நோய் கண்டறியப்பட்டவர்களில் ஐந்து வருஷம் தாண்டி உயிர்வாழ்பவர்கள் 100-க்கு 13 பேர்தான்.

ரத்தத்தில் என்ன தேடுகிறார்கள்?

கட்டி வளர்வதற்கு முன்பாகவே, ஆபத்து அதிகமுள்ளவர் யார் என்று ரத்தத்தை வைத்துச் சொல்ல முடியுமா? இதுதான் ஆய்வாளர்களின் கேள்வி. அழற்சியும் நோய் எதிர்ப்பும் சம்பந்தப்பட்ட சில அடையாளங்களை அவர்கள் பார்க்கிறார்கள்.

ஒன்று, சிஆர்பி. உடம்பில் எங்கே அழற்சி இருந்தாலும் கல்லீரல் இதை அதிகம் சுரக்கும்.

இரண்டு, இன்டர்லூகின்-6 போன்ற சமிக்ஞைப் புரதங்கள். நோய் எதிர்ப்புச் செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பிக்கொள்ளும் தந்தி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று, வெள்ளை அணுக்களின் விகிதம். இதற்குத் தனி டெஸ்ட்கூட வேண்டாம். மதுரையில் எந்தத் தெருமுனை லேபிலும் எடுக்கும் சிபிசி ரிப்போர்ட்டே போதும். நியூட்ரோஃபில் 4,000, லிம்ஃபோசைட் 2,000 என்றால் விகிதம் 2. நியூட்ரோஃபில் அழற்சியில் கூடும். லிம்ஃபோசைட், புற்றுச் செல்லை அடையாளம் காணும் படையைச் சேர்ந்தது. முதலாவது ஏறி, இரண்டாவது இறங்கினால் எதிர்ப்பாற்றலின் சமநிலை சாய்ந்திருக்கலாம் என்பது கணிப்பு.

ஆய்வு எப்படி நடக்கும்? ஆரோக்கியமாக இருக்கும் ஆயிரக்கணக்கானவர்களிடம் ரத்தம் எடுத்து உறைய வைத்துவிடுவார்கள். பல வருஷம் காத்திருப்பார்கள். யாருக்குப் புற்றுநோய் வந்தது, யாருக்கு வரவில்லை என்று தெரிந்த பிறகு பழைய ரத்தத்தை எடுத்து ஒப்பிடுவார்கள். பிரிட்டனில் சுமார் 5 லட்சம் பேரை வைத்து நடக்கும் யுகே பயோபேங்க் இப்படியான ஒரு திட்டம்.

விடை கிடைத்ததா? பாதிதான். சில ஆய்வுகளில், அழற்சி அடையாளங்கள் அதிகமாக இருந்தவர்களுக்குப் பின்னாளில் கணையப் புற்றுநோய் வருவது கூடுதலாகத் தெரிந்தது. ஆனால் அமெரிக்காவில் ஐந்து பெரிய குழுக்களின் ரத்த மாதிரிகளைச் சேர்த்துப் பார்த்து 2013-ல் வெளியான ஆய்வில், சிஆர்பி, இன்டர்லூகின்-6 ஆகியவற்றுக்கும் இந்த நோய்க்கும் தெளிவான தொடர்பு தெரியவில்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. அழற்சியால் புற்றுநோய் வந்ததா, அல்லது உள்ளே ஏற்கெனவே ஒளிந்திருந்த புற்றுநோயால் அழற்சி ஏறியதா? ரத்தம் எடுத்து ஒன்றிரண்டு வருஷத்துக்குள் நோய் தெரிந்தால் இரண்டாவதுதான் நடந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படியென்றால் அது வரப்போகும் ஆபத்தின் அடையாளம் ஆகாது. வந்துவிட்ட நோயின் நிழல்.

சென்னையில் இருந்து ஒரு தடயம்

கணையத்தில் அழற்சி நீடித்தால் புற்றுநோய் வரலாம் என்பதற்கு வலுவான சான்று நம்ம மாநிலத்திலேயே இருக்கிறது.

வெப்பமண்டல நாடுகளில் ஒரு வகைக் கணைய அழற்சி உண்டு. மதுப்பழக்கமே இல்லாத இளம் வயதினருக்கும் வரும். அடிக்கடி வயிற்று வலி, கணையத்துக்குள் கற்கள், கடைசியில் சர்க்கரை நோய். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இது அதிகம் பேசப்பட்ட நோய். சென்னையில் இந்த நோயாளிகள் 185 பேரைச் சராசரியாக நான்கு வருஷத்துக்கு மேல் கண்காணித்து, சுரேஷ் சாரி, வி.மோகன் உள்ளிட்ட மருத்துவர்கள் 1994-ல் ஆய்வு வெளியிட்டார்கள். அந்தச் சிறிய குழுவிலேயே 6 பேர் கணையப் புற்றுநோயால் இறந்திருந்தார்கள். பொதுவாக எதிர்பார்ப்பதைவிட இது பல மடங்கு அதிகம்.

அதே சுரேஷ் சாரி பிறகு அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் இருந்தபோது, 2005-ல் இன்னொரு முக்கியமான முடிவைச் சொன்னார். 50 வயதுக்கு மேல் புதிதாக சர்க்கரை நோய் வந்தவர்களில், கிட்டத்தட்ட 100-க்கு ஒருவருக்கு மூன்று வருஷத்துக்குள் கணையப் புற்றுநோய் தெரியவந்தது. சர்க்கரை வந்த மற்ற 99 பேர் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஒருவரை மட்டும் எப்படிப் பிரித்தெடுப்பது? ரத்த அடையாளங்களின் மீது ஆய்வாளர்கள் நம்பிக்கை வைப்பது இந்த மாதிரி இடத்தில்தான்.

அப்போ நாமளும் டெஸ்ட் எடுத்துப் பார்த்துடலாமா?

வேண்டாம். ஏன் என்று ஒரு சின்னக் கணக்கில் பார்ப்போம்.

பேச்சுக்கு, ஒரு லட்சம் பேரில் 10 பேருக்கு இந்த நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நம்மிடம் ஒரு நல்ல டெஸ்ட் இருக்கிறது. 10 பேரில் 9 பேரைப் பிடித்துவிடும். நோய் இல்லாதவர்களில் 100-க்கு 5 பேரை மட்டும் தவறாகக் காட்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கு. ஆனால் லட்சம் பேருக்கும் எடுத்தால், நோய் இல்லாத சுமார் 5,000 பேருக்கு ஆபத்து என்று ரிப்போர்ட் வரும். 9 பேரைத் தேட 5,000 குடும்பங்கள் தூக்கம் இழந்து, ஸ்கேனுக்கும் எண்டோஸ்கோபிக்கும் அலைய வேண்டும்.

சிஆர்பி அந்தக் கற்பனை டெஸ்ட் அளவுக்குக்கூடத் துல்லியமானது இல்லை. சளி, காய்ச்சல், பல் சொத்தை, மூட்டு வாதம், உடல் பருமன், புகைப்பழக்கம் எதிலும் அது ஏறும். டெங்கு சீசனில் மதுரையில் பாதிப் பேருக்கு ஏறியிருக்கும். கணையப் புற்றுநோய்க்கென்று சொல்லப்படும் சிஏ 19-9 டெஸ்ட்டும் அப்படித்தான். வேறு காரணத்தால் வரும் மஞ்சள் காமாலையிலும் அது ஏறும். பிறவியிலேயே அதைச் சுரக்காதவர்களும் உண்டு. நோய் உறுதியானவர்களுக்குச் சிகிச்சை எப்படிப் போகிறது என்று பார்க்கத்தான் அது முக்கியமாகப் பயன்படுகிறது.

அதனால்தான் எந்த அறிகுறியும் இல்லாத சாதாரண மக்களுக்குக் கணையப் புற்றுநோய்ப் பரிசோதனையை மருத்துவ உலகம் பரிந்துரைப்பதில்லை. நெருங்கிய ரத்த சொந்தத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு இந்த நோய் வந்திருந்தால், அல்லது பரம்பரைக் கணைய அழற்சி இருந்தால் மட்டும் எம்ஆர்ஐ, எண்டோஸ்கோபி அல்ட்ராசவுண்ட் மூலம் கண்காணிப்பார்கள். மாஸ்டர் ஹெல்த் செக்கப் பேக்கேஜில் புற்றுநோய் மார்க்கர் என்று ஒரு வரி இருந்தால், அதற்குக் காசு கட்டும் முன் ஒரு டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

எப்போ டாக்டரைப் பார்க்கணும்?

டெஸ்ட் வேண்டாம் என்றால் அறிகுறியைக் கண்டுகொள்ள வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. கீழே இருப்பவை தொடர்ந்து இருந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

• மேல்வயிற்றில் வலி, அது முதுகுக்குப் பரவுவது

• டயட் எதுவும் இல்லாமல் எடை குறைவது

• கண், தோல் மஞ்சளாவது, சிறுநீர் அடர் நிறத்தில் போவது

• மலம் வெளிறி, எண்ணெய்ப் பசையோடு மிதப்பது

• 50 வயதுக்கு மேல் திடீரென்று சர்க்கரை நோய் வந்து, கூடவே எடையும் குறைவது

• மலத்தில் ரத்தம், வாரக்கணக்கில் மாறிப்போன மலம் கழிக்கும் பழக்கம்

இவற்றில் பெரும்பாலானவை சாதாரணக் காரணங்களால்தான் வரும். அந்தச் சாதாரணக் காரணம்தானா என்று உறுதிப்படுத்துவதுதான் டாக்டரின் வேலை. கொடுத்த மருந்தில் இரண்டு மூன்று வாரத்தில் சரியாகவில்லை என்றால், அதே மாத்திரையை மறுபடியும் வாங்காமல் திரும்பப் போய்ச் சொல்லுங்கள்.

ஆபத்தைக் குறைக்க நம் கையில் இருப்பதும் உண்டு. புகைபிடிப்பவர்களுக்குக் கணையப் புற்றுநோய் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதிக மது கணைய அழற்சியில் கொண்டுபோய் விடும். உடல் பருமனும் ஆபத்துக் காரணிதான்.

1968, ஜூலை 22

முத்துலட்சுமி ரெட்டிக்கு 1956-ல் பத்மபூஷண் கிடைத்தது. 1968 ஜூலை 22-ல் சென்னையில் காலமானார். 82-வது பிறந்தநாளுக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது.

அவர் தொடங்கிய 12 படுக்கை மருத்துவமனை, சிகிச்சையோடு நின்றுவிடவில்லை. 1980-களில் இருந்து சென்னையில் யாருக்கு என்ன புற்றுநோய் வருகிறது என்ற பதிவேட்டையும் பராமரிக்கிறது. ரத்தத்தில் எந்த அடையாளம் ஆபத்தைச் சொல்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டுமென்றால், முதலில் யாருக்கு நோய் வந்தது என்ற கணக்கு வேண்டும். அந்தக் கணக்குப் புத்தகம் இல்லாமல் எந்த ரத்தச் சோதனையும் நம்பகமாகாது.

கணையப் புற்றுநோயை முன்கூட்டியே சொல்லும் ரத்தப் பரிசோதனை ஒருநாள் வரலாம். வந்தாலும், அந்த எண்ணைச் சரியாகப் படிக்கிற டாக்டரும், சந்தேகம் வந்தால் அனுப்பிவைக்க ஓர் இடமும், காசில்லாதவர்களுக்கும் திறந்திருக்கும் கதவும் வேண்டும். தங்கையின் அறிகுறியைச் சரியாகப் படிக்க ஆள் இல்லாமல் போன ஊரில் முத்துலட்சுமி கட்டி எழுப்பியது அதைத்தான்.

அடுத்த முறை வீட்டில் யாராவது வாரக்கணக்காக வயிறு சரியில்லை என்று சொன்னால், கேஸாத்தான் இருக்கும் என்று நீங்களே முடிவு செய்துவிடாதீர்கள். ஒரு எட்டு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.